மூட்டையோடு வந்த நோய்

கட்டுநாயக்கப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். கடைசி ஐந்து வருஷம் துணி சோதிக்கிற வேலை. ரோல் ரோலாகத் துணி வரும். வெளிச்சப் பலகைமேல் விரித்து ஓட்டை, கறை, நூல் விட்டுப்போன இடம் எல்லாவற்றையும் பார்த்துக் குறிக்க வேண்டும். குறை ஓர் அளவுக்கு மேல் போனால் முழு ரோலும் வந்த வழியே திரும்பிப் போகும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட வேலை பார்த்த நான்தான் 2021 ஏப்ரலில் 200 வாழைக்குட்டிகளை மூட்டை மூட்டையாக இறக்கி, ஒன்றைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் காசை எண்ணிக் கொடுத்தேன். அந்த மூட்டையோடு முடிக்கொத்து நோய் என்ற வாழை வைரஸ் நோயும் வந்தது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

கொவிட் காலத்தில் வேலை போய் 2020 கடைசியில் ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் பதுளைப் பக்கம் பசறையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில், கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அம்மா முப்பத்தைந்து வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான். மறுபடி கொழும்புக்குப் போக எனக்கு மனமில்லை. நாங்கள் இருக்கிற லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, தோட்ட எல்லைக்கு அப்பால், ஒரு சிங்கள ஆச்சியின் காணி மிளகுக்கொடி காய்ந்து சும்மா கிடந்தது. 80 பேர்ச்சஸ், அதாவது அரை ஏக்கர். வருஷம் 20,000 ரூபா, இரண்டு வருஷக் காசு முன்கூட்டியே. கையில் வேலைக்காலத்தில் சேர்ந்த ஈ.டி.எஃப். பணம் 92,000 இருந்தது. போதாது என்று அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து 120,000 எடுத்தேன். அம்மா யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தார். “ஒரு வருஷத்துல மீட்டுடலாம்மா” என்று நான் சொன்னேன். அந்த ஒரு வருஷக் கணக்கு எப்படித் தப்பாகப் போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கோலிக்குட்டு வாழைதான் நடுவது என்று முடிவு செய்ததும் நானே. புளிவாழை எல்லார் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது, விலை கிடையாது. கோலிக்குட்டுக்கு அதைப்போல இரண்டு பங்கு விலை, கோயிலுக்கும் விசேஷத்துக்கும் முதலில் கேட்பதும் அதைத்தான். கோலிக்குட்டு ஏன் விலை கூட என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அது நோஞ்சான் பிள்ளை. பனாமா வாடல் நோய் மண்ணில் இருந்தால் முதலில் சாய்வது அதுதான். புளிவாழை அந்த நோய்க்குத் தாக்குப்பிடிக்கும். எளிதில் வளராத பொருளுக்குத்தான் சந்தையில் விலை நிற்கிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கீழ்நாட்டிலிருந்து குட்டி வந்தது. ஒன்று 150 ரூபா, 200 குட்டிக்கு 30,000. லொறிக்கூலி 12,000. அந்த மார்ச்சில்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா ஆகியிருந்தது. அதனால் குழி வெட்ட ஆட்களை நாட்கூலிக்குப் பேசாமல் குழிக்கு 100 ரூபா என்று பேசினேன். பத்தடிக்குப் பத்தடி இடைவெளி, இரண்டடி ஆழம், இரண்டடி அகலம். 20,000 ரூபா அதில் போனது. மாட்டெரு 18,000, பன்றிக்கு வேலி 25,000, மேலேயிருக்கும் ஊற்றிலிருந்து தண்ணீர் இறக்கக் குழாய் 15,000. குத்தகையையும் சேர்த்தால் ஒரு குட்டி இலை விடுவதற்கு முன்பே 160,000 மண்ணுக்குள் போய்விட்டது. பிறகு புல் வெட்ட, மானாப்புல் பரப்ப, முட்டுக்கொடுக்க என்று இன்னும் 35,000. தொழிற்சாலைப் பழக்கத்தில் ஒரு கொப்பியில் வரிசை போட்டு எழுதி வைத்தேன். எந்த மூட்டைக் குட்டி எந்த வரிசையில், எந்தத் தேதியில் நட்டது என்று எல்லாம். எட்டு மூட்டை, மூட்டைக்கு 25 குட்டி. உருப்படியாக நான் செய்த ஒரே வேலை அந்தக் கொப்பிதான்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் கேளுங்கள். குட்டி தனியாக வந்தால் அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தாய்மரத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கே நேரில் போய், குலை தள்ளி நிற்கிற மரத்தின் அடியில் இருந்து, உங்கள் கண் முன்னால் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். ஈட்டி போல ஒடுங்கிய இலையோடு, அடி பருத்து, தாய்க் கிழங்கோடு ஒட்டி நிற்கிற குட்டிதான் நல்லது. சின்ன வயதிலேயே அகல இலை விட்டு அழகாக நிற்கிறதே, அந்த நீர்க்குட்டியை எடுக்காதீர்கள்; அதற்குத் தாயோடு சரியான பிடிப்பு இருக்காது, பிறகும் தேறாது. கிழங்கின் வேரையும் மேல்தோலையும் கத்தியால் சீவினால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்புச் சுரங்கம் தெரிந்தால் கிழங்கு வண்டின் புழு குடைந்திருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. கிழங்கைச் சீவி நடும்படி குழி வெட்ட வந்த அண்ணன் சொன்னார், அதைச் செய்தேன். ஆனால் சீவுவதாலும் சுடுதண்ணீரில் முக்குவதாலும் வண்டும் வேர்ப்புழுவும்தான் போகும். வைரஸ் போகாது. என் மூட்டையில் இருந்தது வைரஸ்.

மே மாதம் மழை நன்றாகப் பெய்தது. குட்டிகள் வேர் பிடித்து, வாரத்துக்கு ஓர் இலை என்று விட ஆரம்பித்தன. காலையில் எழுந்து நேராக அங்கேதான் போவேன். அதே சமயத்தில்தான் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய செய்தியும் வந்தது. கடைகளில் யூரியா ஒரு மாதத்துக்குள் காணாமல் போனது. ஒளித்து விற்றவர்கள் சொன்ன விலைக்கு நான் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. மாட்டெருவும் கிளிரிசீடியா இலையுமே போதும் என்று விட்டுவிட்டேன். ஊர் முழுக்க அந்த ஒரே பேச்சு. மரக்கறி சரியில்லையா, உரமில்லை. தேயிலை துளிர்க்கவில்லையா, உரமில்லை. எந்தப் பயிருக்கு என்ன ஆனாலும் அந்த வருஷம் எல்லாருக்கும் வாயில் தயாராக ஒரே காரணம் இருந்தது. என் வாழையைக் கெடுத்ததில் அந்தக் காரணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜூலை நடுவில் ஏழு குட்டிகள் மற்றவற்றைவிடக் கட்டையாக நிற்பதைக் கவனித்தேன். இலை ஒடுங்கி, மேல்நோக்கி நெட்டுக்குத்தாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றது. ஓரம் இளமஞ்சள். கையால் வளைத்தால் அப்பளம் போல நொறுங்கியது. குழி வெட்டிய அண்ணனிடம் காட்டினேன். “உரம் இல்லாம இப்படித்தான் தங்கச்சி நிக்கும், சாம்பல் போடுங்க” என்றார். போட்டேன். அம்மா பழைய மீன்கழிவைப் புதைக்கச் சொன்னார். புதைத்தேன். விவசாயப் போதனாசிரியர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். சத்துக் குறைபாடு, கூட்டெரு போடுங்கள் என்று பதில் வந்தது. ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று கேட்பதற்குள் ஆகஸ்ட் 20-ம் தேதி ஊரடங்கு போட்டார்கள். அக்டோபர் 1 வரை யாரும் எங்கும் நகர முடியவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் அனுப்பிய போட்டோ எல்லாம் செடியை முழுசாக, முன்னால் நின்று எடுத்தவை. இந்த நோயின் அடையாளம் அங்கே தெரியாது.

அடையாளம் எங்கே தெரியும் என்றால், இலையின் அடிப்பக்கத்தில், நடுநரம்புக்கு ஒட்டி. இலையை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து பார்க்க வேண்டும். கரும்பச்சை நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளியும் கோடும், புள்ளியும் கோடும் என்று பக்க நரம்பு நெடுக ஓடும். தையல் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொன்னால், கரும்பச்சை நூலால் ஓட்டுத் தையல் போட்டது போல. இலைக்காம்பிலும் அதே கரும்பச்சைக் கீற்று இருக்கும். சத்துக் குறைபாட்டில் இலை வெளிறும், மஞ்சளாகும், ஆனால் இந்தத் தையல் இருக்காது. ஐந்து வருஷம் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தவளுக்கு, ஓர் இலையை வெளிச்சத்தில் பிடிக்கத் தோன்றவில்லை. உங்களுக்கு ஒரு செடியில் சந்தேகம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். போட்டோ அனுப்புவதாக இருந்தாலும் இப்படி எடுத்து அனுப்புங்கள்.

நோயின் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் காணிக்கார ஆச்சி. ஊரடங்கு முடிந்து அக்டோபரில் குத்தகை விஷயமாகப் பேசப் போனபோது, கைத்தடியை ஊன்றிக்கொண்டு காணிக்கு வந்தார். வேலியைத் தாண்டி நாலு எட்டு வைத்ததுமே நின்றுவிட்டார். “துவே (மகளே), வந்த பீதீம” என்றார். ‘வந்த’ என்றால் சிங்களத்தில் மலடு. குலை தள்ளாமல் மலடாகிப் போகிற நோய். தமிழில் இதை முடிக்கொத்து நோய் என்கிறார்கள். அவர் வயதுக்கு இதை மூன்று நாலு தடவை பார்த்திருக்கிறாராம். இது இலங்கையில் 1913-லேயே பதிவான நோய் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தமிழ்நாட்டில் பழனிமலை, சிறுமலைப் பக்கத்து மலைவாழையைப் பெருமளவு அழித்ததும் இதே நோய்தான். இவ்வளவு பழைய நோய், எங்கள் லயத்தில் நாற்பது வீட்டில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. எங்களுக்குத் தேயிலையின் கொப்புள நோய் தெரியும், வாழை தெரியாது. தேயிலை மட்டுமே தெரிந்து மற்றப் பயிர்களுக்குப் புதிதாக வருகிற எங்கள் மாதிரி ஆட்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் வயதானவர்களிடம் கேட்டால் பாதிச் செலவு மிச்சமாகும். எனக்கு மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

அன்று எண்ணிப் பார்த்தேன். ஏழு இருந்த இடத்தில் 46. கொப்பியை எடுத்து வரிசையைப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. ஜூலையில் நான் குறித்த அந்த ஏழும் மூன்றாவது, நாலாவது மூட்டைக் குட்டிகள். மற்ற ஆறு மூட்டையிலும் அன்றைக்கு ஒரு நோஞ்சான்கூட இல்லை. காற்றில் வரவில்லை, என் மண்ணிலும் இல்லை. அந்த இரண்டு மூட்டைக்குள் உட்கார்ந்து லொறியில் வந்து, நான் வெட்டிய குழிக்குள் என் கையாலேயே இறங்கியிருக்கிறது. குட்டி கொடுத்தவருக்குப் போன் போட்டேன். “என் பக்கம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மேல உங்க குளிருக்கு ஆகலபோல” என்றார். அப்புறம் என் போனை எடுக்கவே இல்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன். இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயைவிட இது எனக்கு அதிகம் நஷ்டம் தந்தது. ஆச்சி பிடுங்கச் சொன்னார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய் 46 மரத்தையும் தரையோடு வெட்டினேன். வெட்டியதை வரிசைக்கு நடுவால் இழுத்து வந்து வேலியோரம் குவித்தேன். பக்கத்து லயத்தில் மாடு வைத்திருக்கிற மாமா வந்து தண்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார். நல்ல காரியம் என்றே நினைத்தேன். இந்த வைரஸைச் செடிக்குச் செடி கொண்டு போவது வாழை அசுவினி. பேன் மாதிரி, கருத்த பழுப்பு நிறத்தில், தரைக்குப் பக்கத்தில் பழைய மட்டைக்கு உள்பக்கமும் விரியாத குருத்துக்குள்ளும் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டிய மரம் காய ஆரம்பித்தால் அது அங்கேயே கிடந்து சாகாது, பக்கத்துப் பச்சை மரத்துக்கு நகரும். நோய் மரத்தை இழுத்துக்கொண்டு நான் நடந்த பாதை முழுக்க அசுவினியை இறக்கிக்கொண்டே போயிருக்கிறேன். போதாததற்குக் கிழங்கை மண்ணிலேயே விட்டேன். மூன்று வாரத்தில் அதிலிருந்து புதுக் குட்டி கிளம்பியது, எல்லாம் நோயோடு.

சரியான முறையைப் பிறகு போதனாசிரியர் நேரில் வந்து காட்டினார். முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும். மரத்தை நின்ற நிலையிலேயே விட்டுவிட்டு, குருத்துக்குள்ளும் மட்டை இடுக்கிலும் சவர்க்காரத் தண்ணீரோ அவர்கள் சொல்கிற மருந்தோ வழிய வழிய அடிக்க வேண்டும். மண்ணெண்ணெய் கொஞ்சம் குருத்துக்குள் ஊற்றுவதும் உண்டு. ஒரு நாள் விட்டு, அப்புறம் அலவாங்கு (கடப்பாரை) போட்டுக் கிழங்கோடு, பக்கக் குட்டிகளோடு முழுத் தூரையும் தோண்டி எடுக்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஒரு பக்கக் குட்டியை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. ஒரே கிழங்கு, ஒரே சாறு. இன்றைக்கு நன்றாக இருந்தாலும் நாளைக்கு அதுவும் காட்டும். எடுத்ததைத் துண்டு துண்டாக நறுக்கி அதே இடத்தில் காயவிடலாம், இல்லை புதைக்கலாம். எங்கேயும் கொண்டு போகக் கூடாது. கத்தியால் இந்த வைரஸ் பரவாது, மண்ணிலும் தங்காது. அது ஒன்றுதான் ஆறுதல். பனாமா வாடல் அப்படி இல்லை. அது மண்ணிலேயே வருஷக்கணக்கில் இருக்கும், மம்மட்டியில், செருப்பு மண்ணில் எல்லாம் போகும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாடலில் அடி இலை மஞ்சளாகி மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும், தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடு தெரியும். என் மரங்களை வெட்டியபோது உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் உதவியது. எறும்பைப் பாருங்கள். அசுவினி விடுகிற இனிப்புச் சாற்றுக்காக எறும்பு வரும். வாழை மரத்தடியில் எறும்பு வரிசையாக ஏறி மட்டைக்குள் போனால், அந்த மட்டையைக் கிழித்துப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை உள்ளே அசுவினி இருந்தது.

அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை தோண்டினேன். நோய் ஏறிய செடி உடனே காட்டாது, அடுத்தடுத்த புது இலைகளில்தான் தெரிய வரும். அதனால் இன்று சுத்தம் என்று விட்ட வரிசையில் அடுத்த வாரம் இரண்டு நிற்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் கொப்பியோடு வரிசை வரிசையாகப் போவேன். மார்கழி மழையில், அட்டை கடிக்க, தனியாக நின்று அலவாங்கு போட்டிருக்கிறேன். இடுப்பளவு வளர்ந்து, தண்டு திரண்டு, இன்னும் மூன்று மாதத்தில் குலை தள்ளும் என்று நம்புகிற மரத்தில் அந்த ஓட்டுத் தையலைக் கண்டால் கை வராது. ஒரு வாரம் பார்ப்போம், ஒருவேளை தேறிவிடும் என்று ஒன்பது மரத்தை விட்டுவைத்தேன். ஒன்றும் தேறவில்லை. ஒன்பதைச் சுற்றி இருபதுக்கு மேல் போனது. தேறுகிற நோயே இல்லை இது, மருந்தும் கிடையாது. அம்மா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இன்னொரு மம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அன்றைக்குத்தான் அழுதேன். பொங்கலுக்கு முன்னால் கணக்கு நின்றது: 200-இல் 123 போய்விட்டது. மேல்பாதி முழுக்க மொட்டை. கீழ்ப்பாதியில், நடுவில் ஒரு பெரிய தண்ணீர்க் கானும் கிளிரிசீடியா வரிசையும் இருந்ததாலோ என்னவோ, 77 தப்பியது.

இப்போது அந்த ஒரு வருஷக் கணக்கு. குட்டி கொடுத்தவர் பன்னிரண்டாம் மாதம் குலை வெட்டலாம் என்று சொன்னார். அவர் ஊரில் வெட்டலாம், பொய் சொல்லவில்லை. வாழைக்குச் சூடு வேண்டும். 16 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கினால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். எங்கள் ஊரில் மார்கழி, தை இரவுகளில் கம்பளிக்குள் கிடந்தாலே கால் விறைக்கும். மே மாதத்தில் வாரத்துக்கு ஒன்று என்று விட்ட இலை, ஜனவரியில் மூன்று வாரத்துக்கு ஒன்று. குலை தள்ளியது 2022 மார்ச், ஏப்ரலில். வெட்டியது ஜூலை, ஆகஸ்டில். பதினைந்து, பதினாறு மாதம். அடகுச் சீட்டு பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. வட்டியைக் கட்டி ஆறு மாதம் தள்ளிப் போட்டேன். அந்த ஏப்ரலில் வட்டி வீதத்தை ஒரேயடியாக ஏற்றினார்கள், சாமான் விலை எல்லாம் கூரையைத் தொட்டது. தம்பி அனுப்புகிற காசு அரிசிக்கே சரி. மறுபடி தள்ளிப் போட முடியாமல் சங்கிலி ஏலத்துக்குப் போனது. இதில் கொடுமை, நான் அடகு வைத்தபோது இருந்ததைவிடப் பவுன் விலை அப்போது ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அதே போல இரண்டு பவுன் சங்கிலி நான் இனி எப்போது வாங்குவேனோ தெரியாது. மலையில் வாழை நடுகிறவர்கள், உங்கள் உயரத்தில் ஏற்கனவே நட்டவரிடம் எத்தனை மாதம் என்று கேட்டு, அதற்கு மேல் நாலு மாதம் சேர்த்துக் கடன் தவணையைப் பேசுங்கள். கீழ்நாட்டுக் கணக்கை நம்பி நகையை எடுக்காதீர்கள்.

காற்றையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஊவாப் பக்கம் ஜூன், ஜூலையில் கச்சான் காற்று காய்ந்து வீசும். தேயிலைக்காரர்களுக்கு அது நல்ல காலம், அந்தக் காய்ச்சலில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருகிறது. வாழைக்கு அது எமன். ஜூன் கடைசியில் ஒரே இரவில் 19 மரம் குலையோடு விழுந்தது. முட்டுக்கொடுத்த கம்பு எல்லாம் காற்றடிக்கிற பக்கமாக நின்றது. நட்டுவைத்த எனக்கு எந்தப் பக்கம் காற்று வரும் என்று தெரியவில்லை. குலை சாய்கிற பக்கம் கவைக்கம்பும், எதிர்ப்பக்கம் நைலோன் கயிற்றை இழுத்து முளையடித்தும் கட்ட வேண்டுமாம். விழுந்த குலைகளில் கொஞ்சம் முற்றியதைக் கறிக்கு வைத்தோம், வாழைப்பொத்தி ஒரு வாரம் லயம் முழுக்க வறை.

மிஞ்சியது 58 குலை. அந்த ஜூலை நாட்டில் பெட்ரோல், டீசல் இல்லாத ஜூலை. வருவதாகச் சொன்ன லொறி வரவில்லை. பதினைந்து நாள் பார்த்து, பசறையில் இருந்து வந்த ஒரு வியாபாரியிடம் கொடுத்தேன். குலை ஒன்றுக்குத் தண்டுக்கென்று ஒரு கிலோ கழித்தார். எடை போட்டு முடிந்ததும் ஒரு குலையிலிருந்து சீப்புகளைச் சீவிவிட்டு வெறும் தண்டை நிறுத்துப் பார்த்தேன், 600 கிராம். அவரிடம் சொன்னேன். “எல்லா எடத்துலயும் இதுதான் வழக்கம் தங்கச்சி, வேணாம்னா விடுங்க” என்றார். பழுக்கிற குலையை வைத்துக்கொண்டு எங்கே விடுவது? 362 கிலோ, கிலோ 170 ரூபா, 61,540 ரூபா. 400 கிராம் வீதம் 58 குலைக்குக் கிட்டத்தட்ட 3,900 ரூபா அந்தத் தண்டில் போனது. இப்போதெல்லாம் நான் குலையாக விற்பதில்லை. சீப்பாகச் சீவி, நிறுத்து, ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஆளை வரச் சொல்வேன்.

ஆகச் செலவு 195,000, வரவு 61,540. 133,460 ரூபா நஷ்டம், அதோடு சங்கிலி. பதினாறு மாத உழைப்புக்கு நான் கூலி போடவில்லை. போட்டால் அழுகை வரும்.

ஆச்சிதான் காணியை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குத்தகையில் ஒரு வருஷத்தை 12,000-க்குக் குறைத்தும் தந்தார். 2022 கடைசியில் மேல்பாதியில் போஞ்சியும் சோளமும் போட்டேன். பூசணி போடலாம் என்று இருந்தேன், வாழைக்குப் பக்கத்தில் பூசணி, வெள்ளரி வகை வேண்டாம், அதிலிருந்து வேறொரு வைரஸ் வாழைக்கு வரும் என்று போதனாசிரியர் தடுத்துவிட்டார். ஒரு வருஷம் அங்கே வாழை வைக்காமல், கிழங்கு மிச்சத்தில் இருந்து ஒரு முளைகூட வராது என்று உறுதியான பிறகு, 2023 ஏப்ரலில் 60 புளிவாழை நட்டேன். எல்லாம் எட்டுக் கிலோமீட்டர் தூரத்தில், எங்கள் உயரத்திலேயே இருக்கிற ஒரே தோட்டத்திலிருந்து. நானே போய் ஒவ்வொரு தாய்மரத்தின் இலையையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து எடுத்தேன். அந்தத் தோட்டக்காரர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். 25 கோலிக்குட்டு மட்டும் ஆசைக்கு, திசு வளர்ப்புக் கன்றாக வாங்கினேன். விலை கூடத்தான். தாய்மரத்தைச் சோதித்து எடுத்ததென்றால் அது நோயில்லாமல் வரும், அவ்வளவுதான். பக்கத்தில் நோய் மரம் இருந்தால் அசுவினி அதற்கும் ஏற்றிவிடும். புளிவாழைக்கும் இந்த நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது தப்புவது பனாமா வாடலுக்குத்தான். இதுவரை ஐந்து மரம் தோண்டியிருக்கிறேன். அன்றைக்குக் கண்டது அன்றைக்கே.

போன மாதம் தோட்டத்து அடுத்த டிவிஷன் பையன் ஒருவன் முப்பது குட்டி கேட்டு வந்தான். காசு கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தான், குட்டியை மூட்டையில் போட்டு வைத்தால் சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன் என்றான். போகாதே, வெயில் இருக்கும்போதே உள்ளே வா என்று இழுத்துக்கொண்டு போய் மரத்துக்கு மரம் காட்டினேன். “அக்கா, முப்பது குட்டிக்கு இவ்வளவு பாக்கணுமா?” என்றான். அவன் கொண்டு வந்த சாக்கைக் கேட்டேன். வேறு எங்கேயோ வாழைக்குட்டி கட்டிய பழைய சாக்கு, உள்ளே காய்ந்த மட்டைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வேலிக்கு வெளியிலேயே போடச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில் இருந்த அரிசிச் சாக்கைக் கொடுத்தேன்.